அனுபவமும் பட்டமும்

கல்வி என்பது யாது? அதனை அளக்கும் படி யார் கையில் இருக்கிறது? ஆசிரியத் தொழிலுக்கு வந்த நாம் எல்லோரும் இவ்வினாக்களுக்குப் பரீட்சை மண்டபத்தில் விடை எழுதிப் புள்ளி பெற்றவர்கள். அவ்விடைகள் எவ்வளவு தூரம் நிலைக்கத்தக்கன என்பதைச் சென்ற ஆண்டு என் வீட்டு வாசலுக்கு வந்த ஒருவர் எனக்கு உணர்த்தினார்.

அவர் எங்கள் ஊர்ச் சந்தியில் மோட்டார் சைக்கிள்களையும் நீரிறைக்கும் யந்திரங்களையும் திருத்துபவர். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். முதுகு வலியால் இனி நெடுநாள் குனிந்து வேலை செய்ய இயலாத நிலை. தொழிற்பயிற்சி நிலையமொன்றில் போதனாசிரியர் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். ஆனால் டிப்ளோமா வேண்டும் என்கிறார்கள். உயர்கல்வி நிறுவனம் ஒன்று அத்தகைய டிப்ளோமா வகுப்பை நடத்துகிறது. தொழில் அனுபவம் உள்ளோர் முன்னரே கற்றவற்றைச் சோதித்து, ‘கிரெடிட்’ எனப்படும் மதிப்பலகுகளை வழங்கி, அப்பாடங்களிலிருந்து விலக்களிக்கிறது. அந்த மதிப்பலகுகள் பின்னர் பட்டப்படிப்புக்கும் கணக்கில் எடுக்கப்படும். இதனைக் கேள்வியுற்று அவர் விண்ணப்பப் படிவத்துடன் வந்திருந்தார். நீர் கற்றவை யாவை, எங்கே கற்றீர், எவ்வாறு கற்றீர், அதற்குச் சான்று யாது எனப் படிவம் கேட்டது. எழுதித் தரும்படி என்னை வேண்டினார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் கிடந்த காலத்தில் அவருக்கு இருபத்தொரு வயது. பெற்றோல் கிடையாது. மின்சாரம் கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். வயலுக்கும் தோட்டத்துக்கும் நீர் இறைக்க வேண்டும். நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட யந்திரங்களை அவரும் அவரையொத்தவர்களும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை அது.

“ஏன் அண்ணை, முதல்லயே மண்ணெண்ணெயில ஓடாதோ?” என்று கேட்டேன்.

“சூடு பிடிக்காமல் மண்ணெண்ணெய் ஆவியாகாது, மாஸ்ரர். ஆவியாகாமல் பத்தாது. சூடு பிடிச்சாப் பிறகும் இடிக்கும். அதுக்குத்தான் ஹெட்டுக்குக் கீழ இன்னொரு கஸ்கற் போட்டனாங்கள். அமுக்கம் குறைஞ்சால் இடி குறையும்.”

ஆவியாதல், அமுக்க விகிதம், எரிபொருள் உரிய கணத்துக்கு முன் வெடித்தல் ஆகிய மூன்றும் அந்தச் சில வாக்கியங்களில் அடங்கியிருந்தன. உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் கற்பிக்கும் என் சக ஆசிரியர் ஒருவரிடம் பின்னர் இதனைக் கூறியபோது, பாடப்புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்களாக உள்ளதை அவர் சொல்லி முடித்துவிட்டார் என்றார்.

நான் அவருடைய அனுபவத்தை நல்ல நடையில், பந்தி பிரித்து, கலைச்சொற்கள் பெய்து எழுதினேன். வாசித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, “எழுத்து வடிவாயிருக்கு மாஸ்ரர். ஆனால் இதில என்ர கை இல்லை” என்றார். எனக்குச் சற்று மனத்தாங்கலாகவே இருந்தது. அவர் கூறியது சரியென்று விளங்க எனக்குச் சில மாதங்கள் சென்றன.

நேர்முகத் தேர்வில் அவர் விலக்குப் பெற்றது ஒரேயொரு பாடத்துக்கு. பட்டறைச் செய்முறைக்கு விலக்கு இல்லை. பணியாற்றிய இடத்திலிருந்து சேவைச் சான்றிதழ் இல்லை என்பதே காரணம். அவர் தொழில் பழகிய கராஜின் உரிமையாளர் 1995ஆம் ஆண்டு ஐப்பசி இடப்பெயர்வோடு போனவர்; திரும்பி வரவில்லை. கராஜ் இருந்த இடத்தில் இன்று பற்றை மூடிக் கிடக்கிறது. தேர்வாளர்கள் கொடியவர்களல்லர், மரியாதையாகவே பேசினார்களாம். கடதாசி இல்லாததை ஏற்க அவர்களுக்கு விதி இடந்தரவில்லை. ஆகவே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருப்பி பிடித்த மனிதர், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்து திருப்பியின் வகைகளைக் கற்க வேண்டியவரானார். மூன்று கிழமை போனார். அன்றாடக் கூலி இழப்பைத் தாங்கமாட்டாது நின்றுவிட்டார்.

இது ஒரு தனிமனிதனின் துயரக்கதை மட்டுமன்று. அறிவு பற்றிய ஓர் அறவினா இதனுள் இருக்கிறது. ஒருவன் ஒன்றை அறிந்திருக்கிறான் என்பது முக்கியமா, அதனை எங்கே அறிந்தான் என்பது முக்கியமா? முன்னையது என்று எல்லோரும் கூறுவர். ஆனால் நம் நிறுவனங்கள் பின்னையதையே முக்கியமெனக் கொண்டு நடக்கின்றன. இம்முரண்பாடு எங்கிருந்து பிறக்கிறது?

முதலில் மதிப்பலகு எனும் அளவையை எடுத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு மதிப்பலகு என்பது ஏறத்தாழ ஐம்பது மணிநேரக் கற்றல். ஓர் ஆண்டுக்கு முப்பது மதிப்பலகு. நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. இக்கணக்கை எங்கள் ஊர்த் தொழிலாளிக்குப் பொருத்திப் பார்த்தால் என்னாகும்? நாளொன்றுக்கு எட்டு மணிநேரம், ஆண்டுக்கு முந்நூறு நாள், முப்பது ஆண்டுகள்: 72,000 மணிநேரம். ஐம்பதால் வகுத்தால் 1,440 மதிப்பலகுகள். அஃதாவது பன்னிரண்டு சிறப்புப் பட்டங்கள்! இது நகைப்புக்குரியது என்று எவரும் ஒப்புவர். ஒரே வேலையைப் பத்தாயிரம் முறை செய்தவன் பத்தாயிரம் பாடங்கள் கற்றவனாகான். கழிந்த காலம் அறிவின் அளவையன்று.

நன்று. ஆனால் இதே நியாயம் விரிவுரை மண்டபத்துக்கும் பொருந்த வேண்டுமல்லவா? அங்கு கழிந்த மணிநேரமும் தானாகவே அறிவாகிவிடாது. இரவல் வாங்கிய குறிப்பை மூன்று இரவில் நெட்டுருப்பண்ணிச் சித்தியடைந்து, நான்காம் நாள் மறந்தவர்களை நாம் அறிவோம். சில பாடங்களில் நாமே அவர்களாக இருந்திருக்கிறோம். தொழிலாளியிடம் “நீ செலவிட்ட காலம் எமக்கு வேண்டா, கற்றதைக் காட்டு” என்று கேட்பது நீதி. மாணவனிடம் வரவுப் பதிவேட்டைப் பார்த்து மனநிறைவு கொண்டு, தொழிலாளியிடம் மட்டும் கற்றதைக் காட்டென்பது நீதியாகாது. கற்றதைக் காட்டிய பின்னரும் சேவைச் சான்றிதழ் எங்கே என்று கேட்பது எவ்வகையிலும் நீதியாகாது.

கல்விக்கூடத்துக்கு வெளியே கற்றோரை ஏற்பது நம் மரபுக்குப் புதியதென்று எவரும் கருத வேண்டியதில்லை. உ. வே. சாமிநாதையரிடம் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இருக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டதே அவர் பெற்ற கல்வி. 1880இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் அவர் தமிழாசிரியரானார். தியாகராச செட்டியாரின் பரிந்துரையும், கல்லூரியார் நேரிற் சோதித்து அறிந்த புலமையுமே அதற்குப் போதுமானவையாயின. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது 1932இல். பட்டம் அரை நூற்றாண்டு பிந்தி வந்தது. அதற்காகக் காத்திருந்திருப்பின் நம் இலக்கியங்கள் பல என்னாகியிருக்கும்?

சுவாமி விபுலாநந்தரை எடுத்துக்கொள்வோம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த அவர் பெற்றிருந்த பல்கலைக்கழகப் பட்டம் விஞ்ஞானப் பட்டமாகும். அதுவும் இலண்டன் பல்கலைக்கழகத்துப் பட்டம். தமிழுக்கு அவரிடம் இருந்த சான்று மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை. இலண்டன் பல்கலைக்கழகமோ 1858ஆம் ஆண்டு முதல், மருத்துவம் ஒழிந்த துறைகளில், எந்தக் கல்லூரியிற் படித்தாய் என்று கேளாமலே பரீட்சைக்கு அனுமதித்து வந்தது. குடியேற்ற நாடுகளில் வாழ்ந்த எத்தனையோ பேர் மண்ணெண்ணெய் விளக்கொளியில் தாமே படித்துப் பட்டம் பெற்றது அவ்வழியாலேயே. ‘எங்கே கற்றாய்’ என்ற வினாவைக் கைவிட்டமையால் அப்பட்டத்தின் பெருமை குன்றவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயின், அது அறிந்தது எழுத்துப் பரீட்சை ஒன்றையே. எழுதத் தெரிந்தவனுக்கே அந்தக் கதவு திறந்தது.

இங்கேதான் வர்க்கமும் சாதியும் வந்து நுழைகின்றன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டும் கப்பலின் வளைவையும் சமநிலையையும் கணித்த தச்சர்களின் அறிவு கணிதமாகாதா, பௌதிகமாகாதா? ஆகும். ஆனால் அது கையெழுத்தில் இருக்கவில்லை, கையில் இருந்தது. கையால் உழைப்போரைக் கீழோராகவும் ஏட்டைத் தொட்டோரை மேலோராகவும் வைத்த சமுதாயம், அவர்களுடைய அறிவை ‘கைப்பழக்கம்’ என்று பெயரிட்டு ஒதுக்கியது. ஒதுக்கியதோடு நில்லாது, பள்ளிக்கூட வாசலையும் அவர்களுட் பலருக்கு அடைத்தது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு வாங்கில் சமமாக அமர்வதற்கே போராட வேண்டியிருந்தது. சம ஆசனத்துக்கான அப்போராட்டத்தின் சுவடுகள் 1920களிலும் 1930களிலும் உள்ளன. கதவை அடைத்துவிட்டு, உள்ளே இருந்ததற்குச் சான்றிதழ் கொண்டுவா என்று பேரப்பிள்ளையிடம் கேட்பது எத்தகைய அறம்?

டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்துச் சிகையலங்கார நிலையமொன்றில் தொழில் செய்துகொண்டே சிறுகதை எழுதினார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’யைப் பல பத்தாண்டுகள் தம் உழைப்பால் நடத்தினார். அந்தச் சஞ்சிகையை ஆராய்ந்து பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர் உளர். ஆராயப்பட்டதை ஆக்கியவர் பல்கலைக்கழகத்தில் ஒரு நாளேனும் மாணவராக இருந்தவரல்லர். ஆய்வுப் பொருளாவதற்குத் தகுதியுள்ள அறிவு, அறிவென்று பதிவு பெறுவதற்கு மட்டும் தகுதியற்றதாவது எவ்வாறு?

இன்னொன்றையும் கூறவேண்டும். பல்கலைக்கழகங்கள் அனுபவத்தை ஏற்பதே இல்லை என்பது உண்மையன்று. உலகெங்கும் அரசியல் தலைவர்களுக்கும் பெருவணிகர்களுக்கும் கௌரவ கலாநிதிப் பட்டங்களை அவை ஆண்டுதோறும் வழங்குகின்றன. எந்தப் பரீட்சையும் இன்றி, எந்தச் சேவைச் சான்றிதழும் கேளாமல், வாழ்க்கை அனுபவத்தையே தகுதியாகக் கொண்டு அங்கி போர்த்துகின்றன. அனுபவத்துக்கு மதிப்பளிக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. யாருடைய அனுபவம் என்பதில்தான் வழக்கு.

பிற நாடுகள் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டன? பிரான்சில், தொழிலில் வளர்ந்தோர் பரீட்சிக்கப்பட்டு அரசின் பொறியியலாளர் பட்டம் பெறுவதற்கு 1934ஆம் ஆண்டுச் சட்டமே வழிவகுத்தது. 2002ஆம் ஆண்டு தை மாதத்தில் நிறைவேறிய சட்டம் இன்னும் தூரம் சென்றது. மூன்றாண்டு அனுபவமுள்ள எவரும், தம் அறிவை நடுவர் குழு முன் நிறுவிப் பட்டத்தின் ஒரு பகுதியை மட்டுமன்றி முழுப் பட்டத்தையுமே பெறலாம் என்றது. மூன்றாண்டு என்பது 2016இல் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. தொழிலாளி வேலை செய்வதை நேரிற் பார்த்து மதிப்பிடவும் அங்கு இடமுண்டு.

தென்னாபிரிக்காவில் இக்கோரிக்கை தொழிற்சங்கங்களிலிருந்தே எழுந்தது. நிறவெறி ஆட்சியின் கீழ்க் கறுப்பினத் தொழிலாளர் திறனுள்ள வேலைகளைச் செய்தனர். ஆனால் பயிற்சியும் சான்றிதழும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தமையால், ‘திறனற்றோர்’ எனப் பெயரிட்டுக் குறைந்த கூலி கொடுத்தனர். எனவே உலோகத் தொழிலாளர் சங்கமும் கொசாட்டு கூட்டமைப்பும், அறிந்ததை அறிந்ததென ஒப்புக்கொள் என்பதைக் கூலிப் போராட்டத்தின் பகுதியாக முன்வைத்தன. 1995ஆம் ஆண்டு அங்கு நிறைவேறிய தகைமைச் சட்டத்தின் பின்னணி இதுவே. சான்றிதழ் என்பது அலங்காரமன்று, அது கூலியின் மறுபெயர் என்பதை அவர்கள் நன்கு விளங்கியிருந்தார்கள்.

நம் நாட்டிலும் வழி முற்றாக இல்லையென்று கூறுவதற்கில்லை. ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்தகைமை முறையில், பயிற்சி நிலையத்தில் காலடி வையாதவரும் தம் திறனை நேரிற் காட்டிச் சான்றிதழ் பெறலாம். அதன் ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகர். தொழிற்கல்வி வழியே வருவோர் பட்டம் பெறுதற்கென 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது. உயர்தரச் சித்தி இல்லாதோரையும் அடிப்படைக் கற்கை மூலம் ஏற்கும் திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இயங்குகிறது. ஆயினும் கீழ் மட்டங்களில் அகலமாயிருக்கும் பாதை, பட்டத்தை நெருங்க நெருங்க ஒடுங்குகிறது. 1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி பணத்தடையை நீக்கியது பெரும் சாதனை. ஆனால் உயர்கல்வியின் பிரதான வாசல் இன்றும் பத்தொன்பது வயதில் ஒருமுறை திறந்து மூடும் வாசலாகவே உள்ளது. அந்த வயதில் பதுங்குகுழியில் இருந்தவர்களை அது கணக்கில் எடுப்பதில்லை.

இனி மறுதரப்பு வாதங்களை நேர்மையாக நோக்க வேண்டும். முற்போக்காளர் எனும் காரணத்தால் உழைப்பாளி செய்வதெல்லாம் அறிவு என்று போற்றுவது உழைப்பாளிக்குச் செய்யும் உபகாரமன்று.

எங்கள் ஊர்த் தொழிலாளி எரிபொருளைக் குழாயில் வாய்வைத்து உறிஞ்சி எடுப்பவர். கழிவு எண்ணெயைக் கிணற்றுக்குச் சமீபத்தில் ஊற்றுபவர். சுண்ணாம்புக் கல்லில் ஊறிச் சென்று நிலத்தடி நீரில் கலக்கும் அவ்வெண்ணெயைத்தான் ஊர் குடிக்கிறது என்பதை அவரது முப்பது ஆண்டு அனுபவம் அவருக்குச் சொல்லவில்லை. தம்மிடம் பழகும் பையன்களை அவர் அடிப்பதும் உண்டு. அடி வாங்கியே தாம் தொழில் கற்றதாகவும், அடியாத மாடு படியாது என்றும் கூறுவார். அனுபவம் அறிவை மட்டும் தருவதில்லை. அடிமைப் புத்தியையும், ஆபத்துக்குப் பழகிப்போன மரத்த உணர்ச்சியையும் சேர்த்தே தருகிறது. இவற்றைப் பிரித்தறியத் தத்துவம் வேண்டும், விஞ்ஞானம் வேண்டும், தான் நின்ற இடத்துக்கு அப்பால் நின்று தன்னையே நோக்கும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சிக்கு நூலும் ஆசிரியனும் விவாதமும் தேவை. ஆகவே அனுபவமுள்ளவனுக்குப் பல்கலைக்கழகமே வேண்டா என்பது என் வாதமன்று. ஏற்கெனவே அறிந்ததை மீண்டும் கற்கச் சொல்லி அவன் காலத்தை வீணாக்காதே, அறியாததைக் கற்க அக்காலத்தைக் கொடு என்பதே வாதம். கஸ்கற்றைப் பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்காமல், நிலத்தடி நீரைப் பற்றி அவருக்குக் கற்பித்திருந்தால் ஊரும் பயன் பெற்றிருக்கும்.

வேறொரு ஆபத்தும் உண்டு. ‘வாழ்க்கை அனுபவத்துக்குப் பட்டம்’ என்று விளம்பரம் செய்து காசுக்குக் கடதாசி விற்கும் கடைகள் உலகிற் பல. அன்றியும், கல்விக்குச் செலவிட மனமில்லாத அரசு, பாடசாலை கட்டுவதற்குப் பதிலாகச் சான்றிதழை அச்சிட்டுக் கொடுத்துக் கடமை முடிந்ததெனக் கைகழுவவும் கூடும். இவ்விரண்டையும் எதிர்க்க வேண்டும். ஆனால் கள்ள நாணயம் உண்டென்பதற்காக நல்ல நாணயத்தைச் செல்லாதென்று அறிவிப்பாரில்லை. உரைத்துப் பார்க்கும் கல்லைச் சீராக்குவதே செய்யத்தக்கது.

அந்த உரைகல் எவ்வாறு இருத்தல் வேண்டும்? என் சிற்றறிவுக்கு எட்டியவை மூன்று. முதலாவது, கற்றதற்கே மதிப்பு; கழித்த ஆண்டுக்கும் இல்லை, கொண்டுவந்த கடதாசிக்கும் இல்லை. போர் தின்ற நாட்டில் கடதாசியைக் கேட்பது, எரிந்த வீட்டின் உறுதியைக் கேட்பதற்கு ஒப்பாகும். இரண்டாவது, தேர்வாளர் பட்டறைக்குப் போக வேண்டும். தொழிலாளியை மேசை முன் நிறுத்தி வரைவிலக்கணம் கேட்பது, நீந்தத் தெரியுமா என்று தரையில் நிறுத்திக் கேட்பது போன்றது. மூன்றாவது, தேர்வு அவனுடைய மொழியில் நடக்க வேண்டும். இங்குதான் “இதில என்ர கை இல்லை” என்ற சொல் எனக்கு விளங்கியது. நான் எழுதியது அவருடைய அறிவை அல்ல. பட்டதாரி ஒருவன் நோக்கில் அவருடைய அறிவு எப்படித் தோன்ற வேண்டுமோ அதனை. அந்தப் பந்திகளை வைத்து விலக்களித்திருந்தால் மதிப்பலகு எனக்கே உரியதாயிருக்கும். எழுதிக் கொடுக்க ஓர் ஆசிரியன் கிடைத்தவன் வெல்வான், கிடைக்காதவன் தோற்பான் என்றால், புதிய வாசலும் பழைய வாசலாகவே முடியும்.

நாம் பட்டதாரிகள். நம்மிற் பெரும்பாலோர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். நாம் விரிவுரை கேட்டிருந்த நான்கு ஆண்டுகளும் நமக்குச் சோறு போட்டவர்கள் கற்ற கல்விக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. அவர்கள் வாசலுக்கு வரும்போது நம் பட்டத்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுவோமாயின், அந்தப் பட்டம் நமக்குத் தந்தது அறிவன்று, வேலி.

சென்ற மாதம் அவருடைய விண்ணப்பத்தை மீண்டும் எழுதினோம். இம்முறை கலைச்சொற்கள் இல்லை. அவர் கூறியதை அவர் கூறியவாறே எழுதினேன். ஹெட்டுக்குக் கீழே கஸ்கற் வைத்த கதையும், கழிவு எண்ணெய் பற்றித் தமக்குத் தெரியாது, கற்க விருப்பம் என்ற ஒப்புதலும் அதில் உண்டு. அவ்வொப்புதலைச் சேர்க்கும்படி சொன்னவர் அவரே. சேவைச் சான்றிதழ் கேட்ட இடத்தில், ‘தேர்வாளர்கள் எந்த நாளிலும் கராஜுக்கு வந்து பார்க்கலாம்’ என்று எழுதிக் கீழே அவர் கையொப்பமிட்டார். மறுமொழி இன்னும் வரவில்லை. வரும் மறுமொழி அவரைப் பற்றி மட்டும் கூறப்போவதில்லை. கல்வி என்று நாம் எதனைக் கருதுகிறோம் என்பதையும் அது கூறும். இதனை அவர் ஒருவருடைய வழக்காக விட்டுவிடாது, ஆசிரியர் சங்கங்களும் மாணவர் ஒன்றியங்களும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக எடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.